1042ஆவது பில் எங்கே போனது?

போன மாசம் பேர்னில் அத்தானின் கடையில் ஒரு சின்னக் குழப்பம். வருடக் கணக்குப் பார்க்க வந்த கணக்காளர், "1041க்குப் பிறகு 1043 வருது, நடுவில் ஒன்றைக் காணேல்லையே?" என்று கேட்டுவிட்டார். அத்தானின் முகம் மாறிவிட்டது. கல்லாவில் நிற்பது வேலைக்கு வந்து ஆறு மாதமான ஒரு பெடியன். "பில்லை அழிச்சுப்போட்டுக் காசை எடுத்திருப்பானோ?" என்று அக்கா மெல்லக் கேட்டா.

கையால் எழுதும் பில் புத்தகத்தில் தாள் காணாமல் போனால் சந்தேகப்படலாம். கொம்பியூட்டரில் கதை வேறு. ஒரு பதிவு தொடங்கும்போதே டேட்டாபேஸ் அடுத்த இலக்கத்தை எடுத்துக் கொடுத்துவிடும். பதிவு பாதியில் ரத்தானால் இலக்கம் திரும்பி வராது. போஸ்ட்டில் நம்பர் துண்டு எடுத்துவிட்டுப் பொறுமையில்லாமல் கிளம்பிப் போனவரின் இலக்கத்தை அடுத்தவருக்குக் கொடுப்பார்களா? அதைத் திருப்பி எடுப்பதென்றால், முதல் கல்லா தன் வேலையை முடிக்கும்வரை இரண்டாவது கல்லா காத்து நிற்க வேண்டும். சனிக்கிழமைக் கூட்டத்தில் நினைத்துப் பாருங்கள்.

சில இடைவெளிகள் இன்னும் பெரிது. ஒராக்கிள் வழக்கமாக 20 இலக்கங்களை முன்கூட்டியே நினைவகத்தில் எடுத்து வைக்கும். திடீரென நின்றால் மிச்சம் போய்விடும். எஸ்.கியூ.எல். சேர்வரில் 2012 பதிப்பிலிருந்து இலக்கம் ஒரேயடியாக 1000 தாவலாம்.

எங்கள் காப்புறுதி அட்டையில் உள்ள ஏஎச்வி இலக்கத்தையே பாருங்கள். பழைய 11 இலக்கத்தில் பெயர், பிறந்த திகதி, பால் எல்லாம் ஒளிந்திருந்தன. 2008 ஜூலையில் வந்த 13 இலக்கம் 756 என்று தொடங்கும், அது சுவிசின் நாட்டுக் குறியீடு. மற்றதிலிருந்து ஆளைப் பற்றி ஒன்றும் அறிய முடியாது.

அதற்காக இடைவெளி என்றாலே குற்றமில்லை என்றும் நான் சொல்ல வரவில்லை. பார்க்கத்தான் வேண்டும். பார்த்தோம். அட்டை இயந்திரத்தின் பதிவில், 1041க்கும 1043க்கும் இடைப்பட்ட நேரத்தில், ஏற்கப்படாத ஒரு கொடுப்பனவு இருந்தது. மென்பொருள் செய்தவரிடம், இனிமேல் பில் முடியும்போது மட்டும் இலக்கம் கொடுக்கவும், ரத்தானதை அழிக்காமல் 'ஸ்டோர்னோ' என்று வைக்கவும் சொல்லியிருக்கிறோம். கொஞ்சம் மெதுவாகும், பரவாயில்லை.

பெடியனிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அத்தான் ஒரு தாளில் "1042: அட்டை ஏற்கப்படவில்லை" என்று எழுதிக் கோப்பில் வைத்தார். இங்கே கணக்குகளை 10 வருடம் வைத்திருக்க வேண்டுமே.