எழுத்தும் எழுதுபவரும் – 14: பெயர் மறைத்து ஒரு வாசிப்பு

சிறுகதைப் போட்டி அறிவிப்பைப் பார்த்ததும் பலருடைய கண் பரிசுத் தொகையிலும் கடைசித் தேதியிலும் நிற்கும். எனக்கு முக்கியமாகப் படுவது, விதிமுறைகளுக்கு நடுவே பல அறிவிப்புகளில் வரும் ஒரு வரி: கதைப் பக்கங்களில் எழுதியவர் பெயர் இருக்கக் கூடாது, பெயரும் முகவரியும் தனித்தாளில் வேண்டும். இந்த ஒரு விதிக்காகவே, புதிதாக எழுத வந்தவர்களைவிட நாலைந்து புத்தகம் போட்டவர்கள் கட்டாயம் போட்டிக்கு அனுப்ப வேண்டும் என்பேன். புதியவரின் கதையை எங்கு அனுப்பினாலும் முன்பின் தெரியாதவர் கதையாகத்தான் படிப்பார்கள். பெயர் பெற்றவருக்கோ அப்படியொரு வாசிப்பு கிடைப்பது அரிது. இதழாசிரியர் கேட்டு வாங்கிப் போடுகிறார், நண்பர்கள் பாராட்டுகிறார்கள். கதை தன் காலில் நின்றதா, பெயர் அதைத் தாங்கியதா என்பது அவருக்கே தெரிவதில்லை.

பெயருக்கு எவ்வளவு எடை உண்டு என்பதை ஆங்கில எழுத்தாளர் டோரிஸ் லெஸ்ஸிங் சோதித்தே பார்த்துவிட்டார். ஜேன் சோமர்ஸ் என்ற புனைபெயரில் அவர் எழுதிய நாவலை, அவருடைய நூல்களை வழக்கமாக வெளியிட்டுவந்த ஜொனாதன் கேப் பதிப்பகமே வேண்டாம் என்றது. 1983இல் வேறொரு பதிப்பகம் அதை வெளியிட, மறு ஆண்டு உண்மையை அவரே சொன்னார். பரிசு பெற்ற பிறகும் போட்டிக்கு அனுப்பியவர் நம்மிடையேயும் உண்டு: எழுத்தாளர் ராஜம் கிருஷ்ணன் 1953இல் ‘பெண் குரல்’ நாவலுக்குக் கலைமகள் பரிசு பெற்றார். அதோடு ஒதுங்கிவிடவில்லை, 1958இல் ‘மலர்கள்’ நாவலுக்கு ஆனந்த விகடன் பரிசும் பெற்றார்.

மூத்தவர்கள் வந்தால் புதியவர்களின் இடம் பறிபோகாதா என்று கேட்கலாம். அறிமுக எழுத்தாளர்களுக்கென்றே நடக்கும் போட்டிகளில் மூத்தவர்கள் நுழைவது தவறு. பொதுப் போட்டியில் அந்தக் கவலை வேண்டாம். பெயர் மறைத்துப் படிக்கும்போது சலுகை இழப்பவர் மூத்தவர்தான். இதைவிடக் கூர்மையான கேள்வி ஒன்று உண்டு. காமன்வெல்த் சிறுகதைப் பரிசுக்குக் கட்டணம் இல்லை, தமிழிலும் அனுப்பலாம், பெயர் மறைத்தே படிக்கிறார்கள். 2023இல் அதற்கு வந்தவை 6,600க்கும் மேல்; மண்டலப் பரிசுகள் ஐந்துதான். இந்தக் கூட்டத்தில் ஒரு கதை தேர்வாகாமல் போனால் அதன் தரம் பற்றி ஏறக்குறைய ஒன்றுமே தெரியவராது. அப்படியானால் பெயர் மறைத்த வாசிப்பால் என்ன லாபம்? ஒரு முடிவை வைத்து எதையும் சொல்ல முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். லாபம் முடிவு வருவதற்கு முன்பே, எழுதும்போதே கிடைத்துவிடுகிறது. பெயர் கைகொடுக்காது என்று தெரிந்தவர் முதல் பக்கத்தை வேறு மாதிரி எழுதுகிறார். வாசகர் பொறுத்துக்கொள்வார் என்று விட்டுவைத்த நீண்ட முன்னுரைகளை அவரே வெட்டுகிறார்.

முன்பு பரிசு பெற்ற கதைகளைப் பார்த்து அதே அச்சில் எழுதும் பழக்கம் உண்மையான ஆபத்து. கதையை முடித்துவிட்டு அதற்கேற்ற போட்டியைத் தேடுவதே அதற்கு மாற்று. நடையை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்களே என்ற மறுப்பும் சரியானது, அதுவும் தமிழ் இலக்கிய உலகம் போன்ற சிறிய வட்டத்தில். ஆகவே அனுபவம் உள்ளவர் போட்டிக்கு அனுப்ப வேண்டியது, இதுவரை அவர் எழுதிப் பழகாத களத்தில், பழகாத குரலில் எழுதிய கதையை.