சங்கத்தின் விழுமியமும் திட்டமும்

1924 ஜூலை 20 அன்று பம்பாயில் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபா தொடங்கப்பட்டபோது அம்பேத்கருக்கு வயது 33. சபாவின் தலைவர் சர் சிமன்லால் செதல்வாட். நிர்வாகக் குழுவின் தலைமையோ அம்பேத்கரிடம். பெயருக்கு யார், முடிவெடுப்பது யார்? இளைஞர் சங்கம் கட்டும் தோழர்கள் இங்கே சற்று நிற்க வேண்டும். அடுத்த ஆண்டே சோலாப்பூரில் மாணவர் விடுதி வந்தது. சமத்துவம் என்ற சொல் தங்குமிடமாகவும் சோறாகவும் மாறியது. அதையே நாம் திட்டமிடல் என்கிறோம்.

சேந்தமங்கலம், பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட சட்டமன்றத் தொகுதி. கொல்லிமலையும் அதில் அடக்கம். ஆனால் தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி கிடையாது. ஆகவே 1996இன் பெசா சட்டம் மலைக்குப் பொருந்தாது. கைவசம் உள்ளது 2006 வன உரிமைச் சட்டம். அதன்படி உரிமையை முதலில் தீர்மானிப்பது கிராம சபைதான். 2012 திருத்த விதிகளின்படி உறுப்பினரில் பாதிப்பேர் கூட வேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்க வேண்டும்.

படித்த நாலு இளைஞர்கள் எழுதி வந்து கையெழுத்து மட்டும் வாங்கினால் அது பழைய நாட்டாமைதான், சட்டை மட்டும் புதுசு. எந்தக் காடு, எந்தப் பாதை என்று ஊர் பேசி முடித்த பிறகே பேனாவை எடுக்க வேண்டும். அதற்கு மாதக்கணக்காகும். நிதி தருபவர் அவசரப்படுவார், படட்டும்.