ஈர்ப்பு விதி வகுப்புகள்: பலிக்காதபோது பழி யாருக்கு?

விரும்பியது ஏற்கெனவே கைகூடிவிட்டதாக மனத்தில் கண்டு, அந்த நிறைவுடன் வேண்டினால் அது நடந்தே தீரும் என்னும் கருத்து, 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் ‘புதிய சிந்தனை’ என்ற பெயரில் எழுந்த இயக்கத்தில் வேர்கொண்டது. பார்படாஸில் 1905இல் பிறந்து, கற்பனையே கடவுள் என்று அமெரிக்காவில் போதித்துவந்த நெவில் கோடார்டு போன்றோராலும், 2006இல் வெளியான ரோண்டா பைர்னின் ‘தி சீக்ரெட்’ நூலாலும் உலகெங்கும் பரவியது. தமிழில் ‘ஈர்ப்பு விதி’, ‘மேனிஃபெஸ்டேஷன்’ என்று வழங்கும் இது இன்று கட்டண வகுப்புகளாகவும் விற்கப்படுகிறது. ‘எனக்கு வேலை கிடைத்துவிட்டது’ என்று நோட்டுப் புத்தகத்தில் காலையில் 3, நண்பகலில் 6, இரவில் 9 முறை எழுதுவது ‘369’ எனப்படும் பயிற்சி.

பிரார்த்தனை தரும் ஆறுதல் பெரிது. வழிபடும் உரிமையை இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 25ஆம் பிரிவு காக்கிறது. ஆயினும் ஆறுதல் வேறு, பலனுக்கு உத்தரவாதம் வேறு. இதய பைபாஸ் அறுவைச் சிகிச்சை பெற்ற 1,802 பேரிடம் நடத்தப்பட்டு 2006இல் வெளியான அமெரிக்க ஆய்வில், தமக்காகப் பிறர் வேண்டுகிறார்களா என்று அறியாதிருந்தவர்களில், வேண்டப்பட்டோரில் 52 விழுக்காட்டினருக்கும் வேண்டப்படாதோரில் 51 விழுக்காட்டினருக்கும் சிக்கல்கள் நேர்ந்தன. வேண்டுதல் நடப்பதை உறுதியாக அறிந்தவர்களில் அது 59 விழுக்காடு. உளவியலாளர் கேப்ரியேல் ஓட்டிங்கனின் ஆய்வுகளோ, வேலை கிடைத்துவிட்டதாக இனிமையாகக் கற்பனை செய்தவர்கள் குறைவாகவே விண்ணப்பித்ததையும் குறைந்த ஊதியமே பெற்றதையும் காட்டின.

இவற்றினும் கொடியது, பலிக்காதபோது ‘உங்கள் நம்பிக்கையில்தான் குறை’ என்று சொல்லப்படும் விளக்கம். கடன் வாங்கிக் கட்டணம் செலுத்தியவர் தம்மையே நொந்துகொண்டு அடுத்த நிலை வகுப்பிலும் சேர்வதற்கும், ஏமாற்றப்பட்டதை வெளியில் சொல்லக் கூசுவதற்கும் இதுவே வழிசெய்கிறது. மாத்திரை விழுங்குவதையே அவநம்பிக்கை என்று போதிக்கும் இடத்தில் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

சட்டத்தின் கேள்வி வேறு: என்ன வாக்களிக்கப்பட்டது, எவ்வளவு பணம் பெறப்பட்டது என்பதையே அது முதலில் பார்க்கிறது. 1954ஆம் ஆண்டின் மருந்துகள், மாய நிவாரணங்கள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம், நீரிழிவு, புற்றுநோய் முதலியவற்றைக் குணப்படுத்துவதாகக் கூறும் மந்திரம், தாயத்து விளம்பரங்களைத் தடைசெய்கிறது. பொய்யான வாக்குறுதியால் பணம் இழந்தவர் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மாவட்ட ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் முறையிடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரையெனில் கட்டணமில்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. வழி தெரியாதோர் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். இணையவழி மோசடியெனில், பணம் கைமாறிப் போகுமுன் 1930ஐ உடனே அழைப்பது அவசியம். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பணம் அனுப்பியதற்கான பரிவர்த்தனை எண், வாட்ஸ்அப் உரையாடல் ஆகியவற்றை அழிக்காமல் வைத்திருப்பவரின் முறையீடு வலுப்பெறும். வகுப்பின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கப்படுமுன் அவற்றைச் சேமித்துவிட வேண்டும்.