குடும்பச் செல்வம் கைப்பேசியில் மட்டும் இருக்கலாமா?

சேர்வராயன் மலையில், கொட்டச்சேடு போன்ற சிற்றூர்களிலும் இன்று கைப்பேசி இல்லாத வீடு அரிது. மறைந்த பாட்டியின் குரல், பிள்ளையின் புதுநன்மைப் படம், நிலப் பட்டாவின் படி, காப்பித் தோட்டக் கணக்கு ஆகிய யாவும் அந்தச் சிறு கருவிக்குள் அடங்கிக் கிடக்கின்றன. அக்கருவி தொலைந்தால் அல்லது நீரில் விழுந்தால், அவற்றுள் எத்தனை நமக்குத் திரும்பக் கிடைக்கும்? சான்றிதழை அலுவலகத்தில் மீண்டும் பெறலாம். பாட்டியின் குரலை எங்கே பெறுவது?

“எந்தப் பொருளில் சேமித்தால் என்றும் அழியாது?” என்றே பலரும் வினவுகின்றனர். அத்தகைய பொருள் ஒன்றும் இல்லை என்பதே உண்மை. இதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர்.

ஏடு கற்பிக்கும் பாடம்

பனையோலை நம் நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும் நெடுங்காலம் தாங்குவதில்லை. கறையானும் பூச்சியும் அதை அரிக்கும். ஆயினும் சங்க நூல்கள் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டு கடந்து நம்மை வந்தடைந்துள்ளன. ஓலை நிலைத்ததால் அன்று. தலைமுறைதோறும் ஒருவர் அமர்ந்து, பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதி வைத்ததால்தான் அவை பிழைத்தன. படி எடுப்பது நின்றுபோன இடங்களில் நூல்கள் மறைந்தன. உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து ஏடு தேட நேர்ந்ததும், பல நூல்கள் அவர் கைக்கு எட்டாமலே போனதும் இதனாலேயே.

ஓரிடத்தில் மட்டும் வைப்பதன் கேட்டை யாழ்ப்பாணம் கண்டது. 1981-ஆம் ஆண்டு மே இறுதியில் அங்குள்ள பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறிடத்தில் படி இருந்த நூல்களைப் பின்னர் மீண்டும் வாங்க முடிந்தது. ஒரே படியாக இருந்த சுவடிகள் அழிந்தே போயின.

திருச்சபையும் இதே முறையைக் கையாண்டது. 1917-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு, பங்கின் திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகளின் நகலை ஆண்டுதோறும் ஆயரகத்திற்கு அனுப்பப் பணித்தது. பங்கு இல்லத்தில் தீப்பற்றினாலும், பதிவு வேறோர் ஊரில் பத்திரமாயிருக்கும்.

கருவிகளின் குணம்

இன்றைய கருவிகளைக் காண்போம். ஹார்டு டிஸ்க்கினுள் தட்டு சுழல்கிறது. கீழே விழுந்தாலும், மின்னழுத்தம் ஏறி இறங்கினாலும் அது கெடலாம். பென் டிரைவும் மெமரி கார்டும் சிறு மின்னூட்டமாகச் செய்தியைத் தாங்குவன. ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தாது பெட்டியில் போட்டுவைத்தால், அம்மின்னூட்டம் மெல்லக் கசிந்துவிடக்கூடும். எனவே அவை எடுத்துச் செல்வதற்கு ஏற்றவை. நெடுநாள் வைப்பதற்கு ஏற்றவை அல்ல. குறுந்தகட்டிற்கோ ஈரம் பகை. பெலீசு நாட்டிலிருந்து வந்த ஒரு தகட்டின் உலோகப் படலத்தைப் பூஞ்சை தின்றிருந்ததை ஸ்பெயின் ஆய்வாளர் 2001-இல் அறிவித்தனர். மூடுபனி சூழும் மலை வீடுகள் இதைக் கருத்திற் கொள்ள வேண்டும்.

இணையச் சேமிப்பு நம் வீட்டு நெருப்பிற்கும் வெள்ளத்திற்கும் அப்பாற்பட்டது. எனினும் அதன் விதிகளை வகுப்போர் நாம் அல்லர். ஈராண்டு பயன்படுத்தாத கணக்குகளை நீக்கும் முறையைக் கூகுள் 2023 டிசம்பரில் தொடங்கியது. கைப்பேசியோடு இணைந்த சேமிப்பில் மற்றோர் இடரும் உண்டு: கைப்பேசியில் தவறுதலாக அழித்த படம் அங்கும் அழிந்துவிடலாம்.

கருவி கெடாதிருந்தும் கோப்பு பயனற்றுப் போவதுண்டு. இங்கிலாந்தில் 1086-இல் தோலில் எழுதிய நிலக் கணக்கேட்டை இன்றும் படிக்கலாம். அதன் 900-ஆம் ஆண்டு நினைவாக, 1986-இல் பி.பி.சி. லேசர் தகட்டில் தொகுத்த புதிய ஏட்டையோ, பதினைந்தே ஆண்டுகளில் படிக்கும் பொறி அரிதாகி, பெருமுயற்சியால் மீட்க நேர்ந்தது. பழைய தமிழ் எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கடிதங்களும் அவ்வாறே. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை பொருளற்ற குறிகளாகத் தோன்றும். அவற்றை இப்பொழுதே யூனிகோடுக்கு மாற்றி வைப்பது நலம்.

வீட்டில் செய்யத்தக்கவை

புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் எளிய விதி ஒன்றைப் பரப்பினார்: மூன்று படிகள், இரு வகைப் பொருள்கள், ஒன்று வேறிடத்தில். நம் இல்லங்களுக்கு அது இவ்வாறு பொருந்தும்:

1. முதற்படி கைப்பேசியிலோ கணினியிலோ இருக்கட்டும். இரண்டாவதைத் தனி ஹார்டு டிஸ்க்கில் எழுதி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்துடன் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். வேலை முடிந்ததும் மின்தொடர்பினின்று அதைக் கழற்றிவிடுங்கள்.

2. மூன்றாம் படியை இணையச் சேமிப்பில் வையுங்கள். இயலாவிடில், மற்றொரு டிஸ்க்கில் எழுதிச் சேலத்திலோ பிற ஊரிலோ உள்ள உடன்பிறந்தார் வீட்டில் கொடுத்து வையுங்கள்.

3. ஆண்டுக்கொருமுறை, கிறிஸ்து பிறப்பு விடுமுறையில், ஒவ்வொரு படியையும் திறந்து பாருங்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதிய டிஸ்க்கிற்கு மாற்றுங்கள்.

4. படங்களை ஆண்டு வாரியாகப் பிரித்து, இருப்போர் பெயரைக் குறித்து வையுங்கள். பெயரறியாத முகம் பேரப்பிள்ளைகளுக்கு அந்நியர் முகமே.

5. கடவுச்சொல்லைத் தாளில் எழுதி உறையிலிட்டு, இருக்குமிடத்தைக் கணவனும் மனைவியும் அறிந்திருங்கள். ஒருவர் திடீரென மறைந்தால், பூட்டிய கணக்கின் முன் மற்றவர் கலங்கி நிற்கலாகாது.

6. மிக அரிய சில படங்களையேனும் தாளில் அச்சிட்டு ஆல்பத்தில் சேருங்கள். அதைக் காண மின்சாரமும் வேண்டாம், கடவுச்சொல்லும் வேண்டாம்.

இதற்காகும் செலவு பெரிதன்று. தேவைப்படுவது, வீட்டில் ஒருவர் இதைத் தம் கடமையாக ஏற்பதே. ஏடெழுதியவர் ஓலையை நம்பி ஓய்ந்துவிடவில்லை. தமக்குப் பின் வருபவர் மீண்டும் எழுதுவார் என நம்பினார். வளர்ந்த மகனிடமோ மகளிடமோ இப்பொறுப்பை இந்த மாதமே ஒப்படையுங்கள். முதற்படி எடுக்கும்போது அருகிலமர்ந்து, படத்திலிருப்போர் யார் யார் என்று சொல்லிக் கொடுங்கள்.