மிஞ்சிய மீன் தீவனம் பாசிக்கு உரமாகிறது

2015ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியில், ஜொகூர் நீரிணையின் சிங்கப்பூர்ப் பக்கத்துப் பண்ணைகளில் கூண்டு கூண்டாக மீன்கள் செத்து மிதந்தன. 77 பண்ணைகளில் 500 டன்னுக்கு மேல் இழப்பு. அதற்கு முந்திய ஆண்டும் இதே மாதத்தில் இதே கதைதான். விற்பனைக்குத் தயாராக இருந்த மீன்களை மூட்டை மூட்டையாகக் கட்டி அப்புறப்படுத்தினார்கள்.

காரணம், கண்ணுக்குத் தெரியாத நுண்பாசியின் திடீர்ப் பெருக்கம். அந்தப் பாசிக்கு உணவு எங்கிருந்து வருகிறது? ஒரு பங்கு அந்தக் கூண்டுகளில் இருந்தே வருகிறது.

தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு இது எளிதில் புரியும். செம்பனைக்கு உரம் போட்ட மறுநாள் பெருமழை பெய்தால் உரம் கால்வாயில் கரைந்து ஓடும். அந்த நீர் சேரும் குட்டை சில நாள்களில் பச்சையாகிவிடும். மீன் தீவனத்திலும் அதே நைட்ரஜனும் பாஸ்பரசும் இருக்கின்றன. தின்னாத தீவனம் வலை வழியாகக் கீழே இறங்கி அழுகுகிறது. தின்றதும் முழுக்க உடம்பில் ஒட்டுவதில்லை. தீவனத்தில் உள்ள நைட்ரஜனில் பாதிகூட மீனில் சேர்வதில்லை. பெரும்பகுதி செவுள் வழியாக அம்மோனியாவாகவும், கழிவாகவும் கடலுக்கே திரும்புகிறது.

எந்தத் தீவனம் என்பதும் முக்கியம். சந்தையில் விலைபோகாத சிறு மீன்களை நறுக்கிப் போடும் வழக்கம் பல பண்ணைகளில் உண்டு. மலாய்க்காரர்கள் இதை 'இக்கான் பாஜா' என்பார்கள். 'பாஜா' என்றால் உரம். பெயரே உண்மையைச் சொல்லிவிடுகிறது! ஒரு கிலோ மீன் வளர இது ஐந்தாறு கிலோவுக்கு மேல் பிடிக்கும். அதில் பெரும்பகுதி நீர்தான் என்றாலும், நறுக்கும்போதே சாறும் துகளும் கடலில் கலந்துவிடும். உருண்டைத் தீவனம் ஏறத்தாழ இரண்டு கிலோ போதும். ஆனால் அதன் விலை அதிகம். சிறு பண்ணைக்காரர் யோசிப்பதில் வியப்பில்லை.

பாசி பெருகினால் மீன் ஏன் சாகவேண்டும்? பகலில் வெயிலில் பாசி பிராணவாயுவை வெளியிடுகிறது. இரவில் அதுவும் மீனைப்போலவே மூச்சு விடுகிறது. விடியற்காலையில் நீரில் பிராணவாயு மிகவும் குறைந்திருக்கும். கூண்டில் அடைபட்ட மீனுக்குத் தப்பிப்போக வழியில்லை. பாசி மடிந்து அழுகும்போது மிச்சமிருப்பதும் போய்விடும். சில வகைப் பாசிகள் செவுளைச் சிதைக்கும் நஞ்சையும் சுரக்கின்றன. 2014இல் இந்த நீரிணையில் கண்டறியப்பட்ட கார்லோடினியம் அப்படிப்பட்ட இனம்தான்.

ஆனாலும் பழி முழுவதையும் பண்ணைக்காரர் தலையில் கட்டுவது நியாயமல்ல. இருபுறமும் பெரிய நகரங்கள். ஆறுகள் வழியே கழிவுநீரும் உரமும் வந்து சேர்கின்றன. 1924இல் திறக்கப்பட்ட ஜொகூர் பாலம் நீரிணையை இரண்டாகத் துண்டித்துவிட்டதால் கிழக்கு நீரும் மேற்கு நீரும் தாராளமாகக் கலப்பதில்லை. அஷ்டமி, நவமியை ஒட்டிய நாள்களில் கடலின் ஏற்ற இறக்கம் குறைந்து, நீர் தேங்கியதுபோல் நிற்கும். அப்போது வெயிலும் கடுமையாக இருந்தால் பாசிக்குக் கொண்டாட்டம். 2014, 2015 இழப்புகளுக்கு அதிகாரிகள் சொன்ன காரணங்களும் வெப்பமும் இந்த மந்தமான நீரோட்டமும்தான்.

வெயிலையும் பாலத்தையும் பண்ணைக்காரரால் மாற்ற முடியாது. அவர் கையில் இருப்பது தீவன வாளி மட்டுமே. மீன் மேலே வந்து தின்பதைப் பார்த்துப் பார்த்துச் சிறிது சிறிதாகப் போடுவது, கூண்டில் நெரிசலைக் குறைப்பது, நீரோட்டம் மந்தமான நாள்களில் தீவனத்தைக் குறைப்பது அல்லது நிறுத்திவிடுவது ஆகியவை செலவில்லாத வழிகள். நீரின் நிறம் மாறியதும் கூண்டைச் சுற்றித் தார்ப்பாய் கட்டி, உள்ளே காற்று செலுத்துபவர்களும் உண்டு. பாசிப் பெருக்கத்தின்போது 'மீன் மெலிந்துவிடுமே' என்று வழக்கம்போல் தீவனம் போடுவதுதான் பெரிய ஆபத்து. தின்று செரிக்கும் மீனுக்குப் பிராணவாயு கூடுதலாகத் தேவைப்படும். அந்த நேரத்தில் நீரில் இல்லாததும் அதுதான்.