கேரி பேக் சொல்லும் சாய்வுக் கணக்கு

அயர்லாந்தில் 2002 மார்ச் 4 முதல் கடையில் பிளாஸ்டிக் பை வாங்கினால் ஒன்றுக்கு 15 சென்ட் வரி. அதுவரை பை பெரும்பாலும் இலவசம்தான். ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் 328 பைகள் போய்க்கொண்டிருந்தன என்பது அரசின் மதிப்பீடு. வரி வந்ததும் அது 21 ஆகச் சரிந்தது.

பொருளியல் படிப்பவர்களுக்கு இதைவிட வாகான கணக்கு அமைவது அரிது. விலை 0, அளவு 328: ஒரு புள்ளி. விலை 15, அளவு 21: இன்னொரு புள்ளி. இரண்டையும் இணைத்தால் தேவைக் கோடு. அது எவ்வளவு சரிவாக இறங்குகிறது என்பதுதான் சாய்வு.

விலை மாற்றத்தை அளவு மாற்றத்தால் வகுக்க வேண்டும். விலையில் 15 கூடியிருக்கிறது. அளவில், 21-லிருந்து 328-ஐக் கழித்தால் −307. 15-ஐ −307-ஆல் வகுத்தால் சுமார் −0.049. விலை ஏற ஏற வாங்குவது குறைகிறது என்பதைத்தான் அந்தக் கழித்தல் குறி காட்டுகிறது. விலையில் எந்தப் புள்ளியிலிருந்து எதைக் கழித்தோமோ, அளவிலும் அதே வரிசையில் கழிக்க வேண்டும். மாற்றிப் போட்டால் குறி தலைகீழாகிவிடும்.

விலைதானே காரணம், அதை ஏன் மேலே வைத்து வகுக்கிறோம்? நியாயமான கேள்வி. விலையைச் செங்குத்து அச்சில் வரைவது ஆல்ஃபிரட் மார்ஷலின் 1890-ஆம் ஆண்டுப் பாடநூலால் வேரூன்றிய பழக்கம். இன்றுவரை யாரும் மாற்றவில்லை. திருப்பிப் போட்டு −307-ஐ 15-ஆல் வகுத்தால் சட்டென்று புரியும்: ஒரு சென்ட் ஏறினால் ஆளுக்குச் சுமார் 20 பைகள் குறைகின்றன.

சரி, இதே கோட்டை நீட்டினால்? 16 சென்ட்டைத் தாண்டியதும் பை வாங்க ஆளே இருக்காது. 22 சென்ட்டில் ஆளுக்கு −122 பைகள்! கடைக்காரருக்கே பை கொடுத்துவிட்டு வர வேண்டியதுதான். இரண்டு புள்ளிகளுக்கு வெளியே நேர்கோட்டை நம்பினால் இப்படித்தான் முடியும்.

உள்ளேயும் ஒரு சிக்கல் உண்டு. வரி அதே 15 சென்ட்டில் நின்றபோதே, 2006-ல் ஆளுக்கு 31 பைகள் ஆகிவிட்டன. விலை அசையாமல் அளவு மட்டும் கூடினால், கோடே வலப்பக்கம் நகர்ந்துவிட்டது என்று அர்த்தம். வருமானம் கூடியிருக்கலாம், வரி பழகிப் போயிருக்கலாம். இந்த 31-ஐப் பழைய 328-உடன் சேர்த்து வகுத்தாலும் ஏதோ ஒரு விடை வரத்தான் செய்யும். ஆனால் அது எந்தக் கோட்டின் சாய்வும் அல்ல.

அரசு 2007 ஜூலை 1 முதல் வரியை 22 சென்ட்டாக உயர்த்தியது.