வட சென்னைச் சிறகுகள் - 9: பானைக்குள் ஓர் ஆஸ்திரேலியா

காசிமேட்டில் கணவாயைச் சுத்தம் செய்பவர்கள் கழித்துப் போடும் ஒரு பொருளுக்கு, நாலு தெரு தள்ளி ராயபுரத்துச் சந்துகளில் தனி மரியாதை உண்டு. வெள்ளை வெளேரென்று, சின்னப் படகு மாதிரி, நகத்தால் கீறினால் மாவாக உதிரும் கணவாய் ஓடு. நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் கடல்நுரை என்பார்கள். அதைக் கம்பியில் கோத்துக் கூண்டில் மாட்டிவிட்டால் லவ் பேர்ட்ஸுக்கு அன்றைக்குத் திருவிழா. ஒன்று கொறிக்கும். இன்னொன்று அலகைத் தேய்க்கும். மூன்றாவது, தலைகீழாகத் தொங்கிக்கொண்டு அடியிலிருந்து சுரண்டும். முட்டையிடும் பெட்டைக்கு அது சுண்ணாம்புச் சத்து. ஓயாமல் வளரும் அலகுக்கு அரம்.

போன வாரம் வந்த புறாக்காரர்களுக்கு மொட்டைமாடி வேண்டும். லவ் பேர்ட்ஸ் வளர்க்க ஓர் ஆணி போதும். அதனால்தான் திருவொற்றியூர் லைன் வீட்டு வாசலிலும், ஹவுசிங் போர்டு பால்கனியிலும், துணிக்கொடிக்குப் பக்கத்தில் ஒரு கூண்டு தொங்குகிறது. 1985-இல் தீக்கிரையான மூர் மார்க்கெட் காலத்திலிருந்தே நகரத்தில் நடக்கும் வியாபாரம் இது.

ஆனால், அந்தக் கூண்டில் பெரும்பாலும் இருப்பது லவ் பேர்ட் அல்ல. பச்சை, மஞ்சள், நீலத்தில், கழுத்துக்குக் கீழே கறுப்புப் புள்ளிகளோடு, 30, 40 கிராம் எடையில் கீச்கீச்சென்று இருப்பது பட்ஜெரிகர். ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுக்காரர். 1840-இல் ஜான் கோல்டு என்ற பறவையியலாளர் உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து உலகத்துக் கூண்டுகளுக்கெல்லாம் பரவியது. அசல் லவ் பேர்ட் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது, ஒன்பது இனங்கள். குட்டை வால், தடித்த அலகு, கொஞ்சம் முன்கோபம். நம் கடைக்காரர்கள் இந்தக் குழப்பத்தை எளிதாகத் தீர்த்துவிட்டார்கள். பட்ஜி என்றால் ‘லவ் பேர்ட்ஸ்’. அசல் என்றால் ‘ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ்’.

இரண்டும் அடிக்கும் கூத்து ஒன்றல்ல. ஊர் வேறு, பழக்கம் வேறு.

பட்ஜி கூடு கட்டத் தெரியாத பறவை. ஆஸ்திரேலியாவில் யூகலிப்டஸ் மரப்பொந்தில் முட்டையிடும். நம் ஊரில் கூண்டின் மூலையில் கட்டும் ஓட்டை போட்ட மண்பானைதான் அதற்கு மரப்பொந்து. ஆண் பானையின் வாயருகே நின்று தலையை மேலும் கீழும் ஆட்டும், அலகால் தட்டும், தின்ற தினையைக் கக்கி ஊட்டும். மூக்கின் மேல்பகுதி நீலமாக இருந்தால் ஆண், பழுப்பாக இருந்தால் பெட்டை. பெட்டை உள்ளே போய் உட்கார்ந்தால் ஏறக்குறைய 18 நாள் அடை. ஒருநாள் விட்டு ஒருநாள் முட்டை என்பதால் குஞ்சுகளும் மாடிப்படி வரிசையில்தான் இருக்கும்: ஒன்றுக்கு இறகு முளைத்திருக்கும், இன்னொன்று அப்போதுதான் கண் திறந்திருக்கும்.

கூண்டில் கண்ணாடி மாட்டினால் இதே கூத்து வேறு வடிவம் எடுக்கும். ஜோடியில்லாத ஆண், கண்ணாடிக்குத் தலையாட்டி, கண்ணாடிக்கே தினை ஊட்டும். பார்க்கிற பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அதற்கோ அது பெண் பார்க்கும் படலம்.

பேச்சும் அப்படித்தான். ஜோடி சேரும்போது ஆண் பட்ஜி, பெட்டையின் குரலைப் பழகி அதே மாதிரி அழைக்கிறது என்று அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். தனியாக வளரும் பட்ஜிக்கு வீட்டு மனிதர்கள்தான் கூட்டம்; எனவே அவர்கள் குரலைப் பழகுகிறது. கலிபோர்னியாவில் 1994-இல் இறந்த பக் என்ற பட்ஜிக்கு 1,728 சொற்கள் தெரியும் என்று கின்னஸ் பதிவு சொல்கிறது.

கூண்டுக் கதவைத் தூக்கிவிட்டுத் தப்பும் வித்தையும் பட்ஜிக்குக் கைவந்தது. துணி கிளிப் போடாத கதவுகள் குறைவு. இந்தச் சாமர்த்தியத்துக்குப் பெட்டைகளிடமும் மவுசு உண்டு. 2019-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த சீன ஆய்வில், பெட்டை ஒதுக்கிய ஆணுக்கு மட்டும் தீனிப் பெட்டியைத் திறக்கக் கற்றுக்கொடுத்தார்கள். அது திறப்பதைப் பார்த்த பெட்டைகள் பல, பழைய மாப்பிள்ளையை விட்டுவிட்டு இதன் பக்கம் சாய்ந்தன.

ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ் வைத்திருப்பவர்களின் புகார் வேறு: பேப்பர். கூண்டுக்கு அடியில் விரித்த பழைய தினத்தந்தியின் ஓரத்தை வரிசையாகக் கடித்துத் துளையிட்டு, நாடா நாடாவாகக் கிழித்துவிடும். இளஞ்சிவப்பு முகம் கொண்ட இனத்தின் பெட்டை அதோடு நிற்காது. கிழித்த நாடாக்களை முதுகின் அடிப்பகுதி இறகுக்குள் செருகிக்கொண்டு, காகித வால் முளைத்தது போலக் கூண்டுக்குள் உலாத்தும். மரப்பட்டை நாரைக் கூட்டுக்குச் சுமந்துபோகும் வழக்கம் அது. ஃபிஷர் என்ற இனமோ நாரை அலகில்தான் தூக்கும்.

இந்த இரண்டையும் கலந்தால் என்ன ஆகும்? கார்னெல் பல்கலைக்கழகத்தின் வில்லியம் டில்கர் அதைச் செய்து பார்த்து 1962-இல் எழுதினார். கலப்புக் குஞ்சுகள் வளர்ந்ததும் குழம்பிப்போயின. நாடாவை இறகில் செருகும், அலகை விடாது, மறுபடி உருவும், கீழே போடும். அலகில் தூக்கினால்தான் வேலை நடக்கும் என்று பழக ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் ஆயின. அதற்குப் பிறகும் செருகுவது போல ஒருமுறை கழுத்தைத் திருப்பிவிட்டுத்தான் பறந்தன.

கம்பியில் ஏறும்போது அலகால் பிடித்துப் பிடித்துப் போவதும் வெறும் சேட்டை அல்ல. 2022-இல் நியூயார்க்கில் இதே இளஞ்சிவப்பு முகத்தாரை வைத்து அளந்து பார்த்தார்கள். செங்குத்தான இடத்தில் தலையும் கழுத்தும் ஒரு காலுக்குச் சமமாகவோ கூடுதலாகவோ உந்து விசை தருகின்றன. ஏறும்போது இந்தப் பறவைக்கு மூன்று கால்!

ஒரே ஓர் ஆட்டத்தை மட்டும் ரசிக்கக் கூடாது. இறகை உப்பிக்கொண்டு ஒரே இடத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு மூச்சுக்கும் வாலை மேலும் கீழும் ஆட்டினால் அது விளையாட்டல்ல, மூச்சுத் திணறல். நுரையீரலோடு காற்றுப் பைகளும் சேர்ந்த சுவாச அமைப்பு என்பதால் புகை, நெடி எதுவும் பறவையை மனிதரைவிட வேகமாகத் தாக்கும். பிரிட்டன் சுரங்கங்களில் 1986 வரை கேனரிக் குருவியைக் கூண்டில் வைத்திருந்தது அதனால்தான். 2023 டிசம்பர் 26 இரவு கடலடிக் குழாயில் அமோனியா கசிந்து மக்கள் தெருவுக்கு ஓடிவந்த எண்ணூரில், இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. தொழிற்சாலைதான் காரணமாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. கொசுவர்த்திப் புகையும், அடுப்பில் மறந்துவிட்ட நான்-ஸ்டிக் தவாவின் ஆவியும் போதும். தவாவின் ஆவி சில நிமிடங்களில் கொன்றுவிடும். கூண்டை அடுப்படியிலிருந்து தள்ளி மாட்டுவது நல்லது.

வட சென்னை வீடுகளில் இன்னொரு பேச்சும் உண்டு: ஜோடியில் ஒன்று செத்தால் மற்றதும் ஏங்கிச் செத்துவிடும் என்று. சோர்ந்துபோவது உண்டு. ஆனால், துணை கிடைத்தால் திரும்பவும் பானை வாயில் தலையாட்ட ஆரம்பித்துவிடும்.

ஆஸ்திரேலியப் பறவைக்கும் ஆப்பிரிக்கப் பறவைக்கும் வாசலில் இத்தனை இடம். நம் ஊர் மரத்துப் பச்சைக்கிளியை இதே கூண்டில் அடைத்தால், 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டம் வந்த பிறகு, சீட்டெடுத்துக் கொடுத்த கிளியும் அதன் ஜோசியரும் என்ன ஆனார்கள்? அது அடுத்த வாரம்.

(தொடரும்)